என் வீட்டு லைன்

முதலில் அந்த மின்விசிறியைப் பாருங்கள். ரெகுலேட்டரை முழுதாகத் திருப்பியும் நொண்டி நொண்டித்தான் சுற்றுகிறது. கன்டென்சர் போயிருக்கும். சின்னச் சாமான்தான், மாற்றிவிட்டால் பழையபடி ஓடும். மூன்று பேர் வியர்வையைத் துடைத்துக்கொண்டே ஒருத்தி சொல்வதைக் கேட்பது கஷ்டம். சீக்கிரம் முடித்துக்கொண்டு எழுந்துவிடத்தான் தோன்றும். நான் சீக்கிரம் முடிக்கப் போவதில்லை. உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறேன்.

வக்கீல் வேண்டாம் என்று நான் சொன்னதும் நீங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டீர்கள். பதவியோடு புத்தியும் போய்விட்டது என்று நினைத்திருப்பீர்கள். போகவில்லை. என் விருந்தாளி எப்படி இறந்தார் என்று விசாரிக்க உங்களைப் போட்டிருக்கிறார்கள். அதைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்த ஆள் கிடையாது. நடுவில் ஒரு வக்கீல் எதற்கு? உங்களுக்கும் வேலை மிச்சம்.

நாட்டை ஆள வருவதற்கு முன்னால் நான் மின்வாரியத்தில் இன்ஜினியர். கட்டுப்பாட்டு அறையில் வேலை. சுவர் முழுக்க நாட்டின் லைன்கள் எல்லாம் சிவப்பும் பச்சையுமாக எரியும். தேவை கூடி வரத்து குறைந்துவிட்டால் ஏதாவது ஒரு பகுதியை வெட்டியாக வேண்டும். ஐயோ பாவம் என்று தயங்கினால் ஒன்றை இழுத்துக்கொண்டு இன்னொன்று என்று நாடே இருளில் விழும். வெட்டும்போது அந்தப் பகுதியில் இருப்பவர்கள் நல்லவர்களா, நமக்கு வேண்டியவர்களா என்று பார்ப்பதில்லை. எவ்வளவு குறைந்தால் மற்றது நிற்கும் என்று மட்டும்தான் பார்ப்போம். அதற்காக எங்களை யாரும் கொலைகாரர்கள் என்று சொன்னதில்லை. சம்பளம்தான் கொடுத்தார்கள்.

அந்த அறையில் ஒரு வழக்கம் உண்டு. போனில் ஒரு உத்தரவு கொடுத்தால், வாங்கிக்கொள்பவர் அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். கொடுத்தவர் கேட்டுவிட்டு ‘சரி’ என்று சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைக்கலாம். லைனில் எங்கேயாவது ஒரு ஆள் ஏறி நிற்பார். ஒரு வார்த்தை மாறினால் அவர் கருகிவிடுவார். அதனால் அந்த ‘சரி’யை நாங்கள் யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அவரைப் பற்றி. நீதிபதி என்று நீங்கள் எழுதுகிறீர்கள், எனக்கு அவர் அண்ணன். கூடப் பிறந்தவர் இல்லை. எங்கள் நாட்டில் ராணுவம் ஆண்ட காலத்தில் தொழிற்சங்கத்துக்காரி என்று என்னைத் தேடினார்கள். மலையைத் தாண்டிப் பக்கத்து நாட்டுக்கு ஓடினேன். அங்கே அவர் அப்போது கேஸ் கிடைக்காத இளம் வக்கீல். யாரோ சொன்னார்கள் என்று அவர் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவரும் அண்ணியும் என்னைப் பின்னறையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் அந்த ஊர் போலீஸ் என்னைத் தேடி வாசலுக்கு வந்துவிட்டது. அண்ணன் துண்டோடு போய் நின்று, “உள்ள என் தங்கச்சி மட்டும்தான் இருக்கா. உடம்பு பூரா அம்மை. தாராளமா வந்து பாருங்க, உங்க புள்ளகுட்டிங்களுக்கும் கொஞ்சம் எடுத்துட்டுப் போகலாம்” என்றார். வந்தவர்கள் பூட்ஸ் சத்தம் கேட்காமல் போய்விட்டார்கள். அன்றிலிருந்து நான் தங்கச்சி.

பின்னறையில் பொழுது போகாமல் கட்டுப்பாட்டு அறைக் கதைகளை அவரிடம் சொல்வேன். திருப்பிச் சொல்லும் வழக்கம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. அண்ணி கடைக்குப் போகச் சொன்னால்கூட, “ஒரு கிலோ வெங்காயம், அரை கிலோ தக்காளி, அழுகினது வாங்கினா வீட்டுக்குள்ள விட மாட்டே” என்று ராகம் போட்டுச் சொல்லிவிட்டு, புருவத்தைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நிற்பார். அண்ணி ‘சரி’ சொன்னால்தான் நகர்வார்.

பிறகு காலம் எங்கள் இருவரையுமே தூக்கிவிட்டது. நான் ஆட்சிக்கு வந்தேன். அவர் நீதிபதியானார். அந்த நாட்டுத் தளபதியின் தம்பி செய்த கொலைகளுக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தார். சில மாதங்களில் தளபதியே ஆட்சியைப் பிடித்துவிட்டார். முதல் வேலையாகத் தம்பியை வெளியே விட்டார், அண்ணனை உள்ளே போட்டார். ஈரம் கசியும் சிறையில் கிடந்து அவர் நுரையீரல் இறுகிப்போனது. அங்கிருந்து தப்பி, ஒரு லாரியில் வெங்காய மூட்டைகளுக்கு அடியில் படுத்து, என் வீட்டுப் பின்வாசலுக்கு வந்து சேர்ந்தார். அண்ணி அதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். எலும்பும் தோலுமாக, ஊருக்கே மணக்கும் வெங்காய நாற்றத்தோடு நின்றுகொண்டு, “தங்கச்சி, எனக்கு அம்மை போட்டிருக்கு. உள்ள விடுவியா?” என்றார்.

நான் அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

“இது உங்க வீடு அண்ணா. உங்களை யாருக்கும் ஒப்படைக்க மாட்டேன்,” என்றேன்.

“என்னை யாருக்கும் ஒப்படைக்க மாட்டே,” என்றார். சொல்லிவிட்டு உள்ளே வராமல், புருவத்தைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்.

“சரி,” என்றேன். அதன் பிறகுதான் படியேறினார்.

மறுநாளே தொலைக்காட்சியில் நாட்டுக்கும் அதைச் சொன்னேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. நடுவில் உட்கார்ந்திருக்கிறீர்களே, நீங்கள்கூட ஒரு கட்டுரை எழுதினீர்கள். வாக்குத் தவறாத ஆட்சி என்று தலைப்பு. மறந்திருப்பீர்கள், நான் மறக்கவில்லை.

நம் மின்சாரத்தில் பாதிக்கு மேல் மலைக்கு அப்பால் இருந்துதான் வருகிறது. அதுவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த நாட்டுத் தூதர் நல்ல இஸ்திரி போட்ட மனிதர். என் அலுவலகத்துக்கு வந்து, காபியை ஊதி ஊதிக் குடித்துவிட்டு, லைனில் பராமரிப்பு வேலை இருப்பதாகச் சொன்னார். எப்போது முடியும் என்று கேட்டேன். “அது உங்க கையிலதான் மேடம் இருக்கு,” என்றார். மறுநாள் வரத்து பாதியானது.

அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இப்போதெல்லாம் நீங்கள் அதைப் பேசுவதே இல்லை. தண்ணீர்த் தொட்டிகள் நிரம்பவில்லை. ஆலைகள் வாரத்தில் பாதி நாள் மூடிக்கிடந்தன. வெயிலோ மண்டையைப் பிளந்தது. கைதட்டிய அதே ஜனம் என் வாசலில் வந்து, “ஒருத்தருக்காக ஊரே சாகணுமா?” என்று கேட்டது. ஒருநாள் என் காரை மறித்து ஒரு பெண் கைக்குழந்தையைக் கண்ணாடியோரம் தூக்கிக் காட்டினாள். குழந்தை நன்றாகத்தான் இருந்தது. எனக்கு ஒன்றும் விளங்காமல் கண்ணாடியை இறக்கினேன்.

“ரெட்டைப் புள்ளம்மா. இன்னொண்ணு ஆஸ்பத்திரி இன்குபேட்டர்ல இருந்துச்சு,” என்றாள்.

என்னைக் கல்நெஞ்சக்காரி என்று எழுதுகிறவர்கள் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டேன். இன்றைக்கும் கேட்கிறது.

தூதர் மறுபடி வந்தார். அண்ணனை ஒப்படைக்க முடியாது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. “எங்க தலைவருக்கு அவர் திரும்பி வரணும்னு ஒண்ணும் இல்ல மேடம். இங்க இருக்கக் கூடாது, அவ்வளவுதான். எப்படி இல்லாமப் போறார்ங்கிறது எங்களுக்கு முக்கியமில்ல,” என்றார். நான் அவரை வெளியே போகச் சொன்னேன். போனார். டம்ளரில் பாதிக் காபியை மிச்சம் வைத்திருந்தார்.

இப்போது கவனமாகக் கேளுங்கள். நான் செய்த ஒவ்வொன்றையும் பகிரங்கமாகத்தான் செய்தேன்.

அண்ணனுக்குப் படுத்தால் மூச்சு வராது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் ஒரு மெஷினை அவர் கட்டிலருகில் வைத்திருந்தோம். நாள் முழுக்கக் குடுகுடுவென்று ஓடும். அது மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் போனால் என் வீட்டு ஜெனரேட்டர் இருந்தது. அந்த ஜெனரேட்டரைக் குழந்தைகள் மருத்துவமனைக்குக் கொடுத்தேன். லாரியில் ஏற்றியதைப் படம் எடுத்துப் போட்டார்கள். அதற்கு மாற்றாக மெஷினுக்கு ஒரு இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்தேன். பேட்டரியை நானே பார்த்து வாங்கினேன். ஒரு சுற்று மின்வெட்டைத் தாங்கும், அதற்கு மேல் தாங்காது.

அவசரத்துக்கு என்று வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டர்களையும் மருத்துவமனைக்கு அனுப்பினேன். அண்ணனைக் கவனித்துக்கொண்ட டாக்டர் இளைஞர், என்னிடம் பேசவே கூச்சப்படுவார். அன்று கூச்சப்படவில்லை.

“மேடம், ஒரு சிலிண்டராவது இங்க இருக்கட்டும். பேட்டரியை மட்டும் நம்பக் கூடாது.”

“அந்த ஒரு சிலிண்டர் இல்லாம அங்க ஒரு குழந்தை செத்தா, அதோட அம்மாகிட்ட நீங்க வந்து பேசுவீங்களா டாக்டர்?”

அந்த டாக்டர் நல்ல பிள்ளை. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். பிறகு நர்ஸையும் அதே மருத்துவமனைக்கு அனுப்பினேன், அங்கே ஆள் போதவில்லை. கடைசியாக என் வீட்டை எடுத்தேன். ஆட்சியாளரின் வீடு மின்வெட்டே இல்லாத லைனில் இருந்தது. அதை மாற்றி, ஆலைத் தொழிலாளர் குடியிருப்போடு சேர்த்து ஏழாம் லைனில் போடச் சொன்னேன். அவர்கள் வேர்த்தால் நானும் வேர்ப்பேன் என்றேன். அதற்கும் கைதட்டினீர்கள். ஜெனரேட்டருக்குக் கைதட்டினீர்கள், சிலிண்டருக்குக் கைதட்டினீர்கள், லைனை மாற்றியதற்கு என் படத்தை வரைந்து சுவரில் ஒட்டினீர்கள். அந்த வீட்டில் மூச்சுக்கு மெஷினை நம்பிப் படுத்திருந்த ஒரு மனிதர் உண்டு என்பது ஊருக்கே தெரியும். ஒருவர்கூட, அம்மா, அவர் கதி என்ன என்று கேட்கவில்லை. உங்களுக்கும் கணக்கு புரிந்திருந்தது. வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்னொன்று உண்டு. இது உங்களிடம் யாரும் சொல்லியிருக்க முடியாது. இந்த நாட்டில் எனக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்தது. மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நர்ஸ் போன மறுநாள் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு களை.

“தங்கச்சி, என்கிட்ட ஜூனியரா இருந்தவன் கடலுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆளாயிட்டானாம். போன் பண்ணினான். அந்த அரசாங்கம் என்னை எடுத்துக்கிறேன்னு சொல்லிடுச்சு. விமானத்துல மூச்சு மெஷினோட சீட். ராஜா மாதிரி போகலாம். நான் போயிட்டா உன் தலைவலியும் தீரும், ஊர்ல கரண்டும் வரும்.”

“இங்க என்ன குறை உங்களுக்கு?”

“குறையா? நாட்டையே ஆளுறே, ஒரு டீ உருப்படியாப் போடத் தெரியல. அதுதான் குறை,” என்று சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். தூதரிடம் விசாரித்தேன். அண்ணன் எங்கே போனாலும் சரி, நம் நாட்டில் இல்லை என்றால் அன்றே மின்சாரம் வந்துவிடும் என்றார். அதாவது, அண்ணனும் பிழைப்பார், ஊரும் பிழைக்கும். உங்கள் மூன்று பேர் முகமும் இப்போது மாறுவதைப் பார்க்கிறேன். அவசரப்படாதீர்கள்.

அவர் போயிருந்தால் நீங்கள் என்ன எழுதியிருப்பீர்கள்? தானாகப் போனார் என்றா? யார் நம்புவார்கள்? மிரட்டினார்கள், பயந்துபோய் விருந்தாளியை மூட்டை கட்டி அனுப்பிவிட்டாள் என்றுதான் எழுதியிருப்பீர்கள். அந்தத் தளபதி தன் மேடையில் நின்று என் பெயரைச் சொல்லிச் சிரித்திருப்பான். அம்மை போட்டவள் என்று பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிய மனிதருக்கு என் கூரையின் கீழ் பாதுகாப்பு இல்லை, எங்கேயோ ஒரு ஜூனியர் வீட்டில் இருக்கிறது என்று ஆகியிருக்கும். நான் கொடுத்த வாக்கு என் வாக்கு. அதை இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் சும்மா உட்கார முடியாது. விமான நிலையத்தில் ஆபத்து என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் ஜூனியர் கூப்பிட்டால் இணைப்பு கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவைத்தேன். அவருடைய பாதுகாப்புக்காக, என்னைக் கேட்காமல் அவரை வெளியே விடக் கூடாது என்று காவலர்களிடமும் சொன்னேன்.

அதற்கப்புறம் எனக்கு வேறு வழி இருக்கவில்லை. இதை நீங்கள் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அவர் இறந்த அன்று மதியம் மின்வெட்டில் ஏழாம் லைனின் முறை. கரண்ட் போனது. இன்வெர்ட்டர் பிடித்துக்கொண்டது, மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரை மருத்துவமனை நிலவரம் பார்த்துவர அனுப்பியிருந்தேன். அண்ணன் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார். நான் நடைக்கு எதிர்ப்பக்கம் என் அறையில் இருந்தேன். முறை முடியப் போகும் நேரத்தில் கட்டுப்பாட்டு அறையை நானே கூப்பிட்டேன். எடுத்தது நான் பயிற்சி கொடுத்த பெண். என் குரல் அவளுக்குத் தெரியும்.

“ஏழாம் லைனை நான் சொல்ற வரைக்கும் திருப்பிக் கொடுக்காதே.”

“ஏழாம் லைன். நீங்க சொல்ற வரைக்கும் திருப்பிக் கொடுக்கக் கூடாது.” அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். வழக்கத்தை மீறி இன்னும் ஒரு வார்த்தை பேசினாள். “அம்மா, அது உங்க வீட்டு லைன்.”

“தெரியும்,” என்றேன். அவள் காத்திருந்தாள். என் ‘சரி’ இல்லாமல் அவள் எதையும் செய்ய மாட்டாள், அப்படித்தான் பழக்கியிருந்தேன். “சரி,” என்றேன்.

அந்தப் பெண்தான் உங்களிடம் வந்து சொன்னாள் என்று தெரியும். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவள் சொல்லித்தான் நான் மாட்டிக்கொண்டேன் என்று நினைக்காதீர்கள். கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

பேட்டரி தீர்ந்ததும் மெஷின் பீப் பீப் என்று கத்தியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது. “தங்கச்சி,” என்று அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்டது. போனேன். ஓடி ஒளிந்துகொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஜன்னலைத் திறந்துவிட்டேன். தலையணைகளை அடுக்கி அவரை நிமிர்த்தி உட்கார வைத்தேன். செய்தித்தாளை மடித்து விசிறினேன். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது.

“கரண்ட்... எப்ப வரும்?”

“இப்ப வந்துடும் அண்ணா.”

அவர் மூச்சைத் திரட்டிக்கொண்டு, “இப்ப... வந்துடும்,” என்றார். என்னையே பார்த்தார். புருவத்தைத் தூக்கிக்கொண்டு, அன்று பின்வாசலில் நின்றாரே, அதே மாதிரி, காத்திருந்தார்.

“சரி,” என்றேன்.

அவர் என்னை நம்பினாரா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆயுள் முழுக்க மனிதர்களின் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னவர். நான் விசிறிக்கொண்டிருந்தேன். கை வலித்தது, மாற்றிக்கொண்டேன். எல்லாம் முடிந்ததும் என் அறைக்குப் போய்க் கட்டுப்பாட்டு அறையைக் கூப்பிட்டு லைனைக் கொடுக்கச் சொன்னேன். அந்தப் பெண் திருப்பிச் சொன்னாள். சரி என்றேன். அவர் தலைக்கு மேலே விசிறி சுற்ற ஆரம்பித்தது, மெஷினும் குடுகுடுவென்று ஓடத் தொடங்கியது. அதை நான்தான் போய் அணைத்தேன்.

செய்தி போன அன்று மாலையே மலைக்கு அப்பால் இருந்து முழு வரத்தும் வந்துவிட்டது. மொட்டை மாடியில் நின்று பார்த்தேன். தெருத்தெருவாக வெளிச்சம் பிடித்துக்கொண்டு வந்தது. எங்கேயோ விசில் அடித்தார்கள். உங்கள் வீட்டிலும் வந்திருக்கும். மூன்று பேரில் யாராவது ஒருவர், இது எதனால் வந்தது என்று யோசித்து, சுவிட்சைப் போடாமல் இருட்டில் உட்கார்ந்திருந்தீர்களா? ஊர் கூடி அவருக்கு ஊர்வலம் நடத்தியது, சிலை வைக்கிறேன் என்றது. ஒப்படைத்துவிடு என்று என் வாசலில் கத்தியவர்கள்தான் முன்வரிசையில் மாலையோடு நின்றார்கள். நான் அவர்களை ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அவர்களைத் தெரியும்.

ஒன்றை மட்டும் யாராலும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அவர் எல்லையைத் தாண்டவில்லை. எந்தச் சிப்பாயும் அவர் மேல் கை வைக்கவில்லை. கடைசி வரை என் கூரையின் கீழ், நான் விரித்த படுக்கையில், என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். எத்தனை ஆட்சியாளர்கள் தங்கள் விருந்தாளியைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

அவ்வளவுதான், சொல்லி முடித்துவிட்டேன். இனி எங்கள் வழக்கப்படி நான் சொன்னதை நீங்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் போதும். நடுவில் இருப்பவரே சொல்லட்டும். கட்டுரை எழுதிய கை, வார்த்தைக்குப் பஞ்சம் இருக்காது.

“அவரை நீங்க யார்கிட்டயும் ஒப்படைக்கல. கரண்டை நிறுத்தி நீங்களே கொன்னீங்க.”

கிட்டத்தட்ட வந்துவிட்டீர்கள். ஆனால் ‘என் வீட்டில் வைத்து’ என்பதை விட்டுவிட்டீர்கள். அது முக்கியம். அதையும் சேர்த்து இன்னொரு முறை சொல்லுங்கள், சரி சொல்கிறேன்.